ஸாராவிடம் நான் கட்டிய தண்டம்

என் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ‘தண்டம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். ஐந்தே வரிகள். கூட்டினால் 2,321 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கடை வைத்து நடத்துகிறவர்களுக்கு இது ஒரு தொகையே இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டின் மூன்று மாத வாடகை என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். கணவர் ஜொகூரில் லோரி ஓட்டுகிறார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். கிராணி (குமாஸ்தா) வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சமைத்து விற்கலாம் என்று நான் தனியாகத்தான் இறங்கினேன். செய்வதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளவும் ஆளில்லை, கெட்டுப்போன பிறகு காரணம் சொல்லவும் ஆளில்லை. என்னைப் போல இறங்கப் போகிற யாராவது அந்தத் தொகையில் பாதியையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2024 ஜூலையில், மூடியை மேலே தூக்கித் திறக்கும் பழைய ஃப்ரீசர் ஒன்றை 650 வெள்ளிக்கு வாங்கினேன். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்களுக்கு உறைய வைத்த ரசம், சாம்பார் விற்பது திட்டம். சூடு பண்ணிச் சோற்றில் ஊற்றினால் போதும். பிளாஸ்டிக் வேண்டாம், பார்வையாக இருக்கட்டும் என்று 500 மில்லி கண்ணாடிப் போத்தல் வாங்கினேன், ஒன்று 3 வெள்ளி 20 சென். சௌகிட் சந்தையில் புளியும் மிளகும் தக்காளியும் வாங்கி வந்து, ஒரு நாள் முழுக்க நின்று 40 போத்தல் ரசம் வைத்தேன். அளவு குறைந்தால் வாங்குகிறவர் முகம் சுளிப்பாரே என்று கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி அடுக்கினேன். நடுராத்திரியில் ‘டக்’, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டக்’. பூனை எதையோ தள்ளுகிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலையில் மூடியைத் தூக்கினால் 33 போத்தல் பிளந்து கிடந்தது. ரசம் போத்தல் வடிவத்திலேயே கல்லாக நிற்கிறது, கண்ணாடி அதைச் சுற்றி அவித்த முட்டையின் ஓடு போலக் கழன்று கிடக்கிறது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போத்தல் விற்றவரிடம் போய் ‘மட்டமான கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டீர்கள்’ என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அந்த மனிதர் மீது ஒரு தவறும் இல்லை. பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அதற்கு இரண்டு மாதம் ஆனது.

முதல் வரி 231 வெள்ளி. இரண்டாவது வரியை அதே காலையில் நானே என் கையால் எழுதினேன். உடைந்த போத்தல்களுக்கு நடுவே கசிந்த ரசம் ஃப்ரீசரின் அடியில் பனிக்கட்டியாக ஒட்டியிருந்தது. கண்ணாடித் துண்டுகள் அதற்குள் புதைந்திருந்தன. பொறுமை இல்லாமல் காய் வெட்டும் கத்தியை எடுத்துக் குத்தி நெம்பினேன். நாலாவது குத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல், சில்லென்று ஒரு புகை. ஃப்ரீசரின் உயிர் அந்தச் சீறலிலேயே போய்விட்டது என்று எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் வந்த ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, குழாய் சுவருக்குள் ஓடுகிறது, பிரித்து ஒட்டுகிற செலவுக்கு வேறு ஒன்று வாங்கிவிடலாம் என்றார். வந்ததற்கு 80 வெள்ளி. ஃப்ரீசரோடு சேர்த்து 730.

அன்றைக்கு இரவு நான் தரையில் உட்கார்ந்து போத்தல் துண்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். “அம்மா, இது ஸாரா செஞ்ச வேலைம்மா.” எனக்கு வந்த கோபத்தில், “யாருடி அந்த ஸாரா? உன் கிளாஸ் பிள்ளையா? நம்ம வீட்டுக்குள்ள எப்போ வந்தா?” என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் துகள், திடம், திரவம் என்று படித்தவள், அந்த வருடம்தான் இடைநிலைப்பள்ளிக்குப் போய் எல்லாவற்றையும் மலாயில் படிக்கிறாள். மலாயில் துகளுக்கு ‘ஸாரா’ என்று பேராம். அன்று முதல் எங்கள் வீட்டில் துகளுக்கு அதுதான் பெயர். குற்றவாளிக்கு ஒரு பெயர் கிடைத்ததில் எனக்கும் கொஞ்சம் ஆறுதல்.

அவள் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டுப் புள்ளிகள் வைத்திருந்தார்கள். திடப்பொருளில் துகள்கள் பழக்கடையில் அடுக்கிய ஆரஞ்சு போல நெருங்கி, இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். திரவத்தில் நெருக்கம் ஏறக்குறைய அவ்வளவேதான், ஆனால் ஒன்றையொன்று நழுவித் தாண்டும். வாயுவில் வெகு தூரம் விலகி, கிடைத்த பக்கமெல்லாம் பறக்கும். சூடு ஏறினால் ஓட்டம் கூடி விலகும், குறைந்தால் ஓட்டம் தளர்ந்து நெருங்கும். பாடம் இவ்வளவுதான். ஆனால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. குளிர்ந்தால் நெருங்கும் என்றால் என் ரசம் சுருங்கியல்லவா இருக்க வேண்டும்? போத்தல் ஏன் பிளந்தது? மகளும் முழித்தாள். பெரும்பாலான பொருள்கள் புத்தகத்தில் சொன்னபடி சுருங்கத்தான் செய்கின்றன. உருகிய நெய்யைக் கிண்ணத்தில் ஊற்றி ஐஸ்பெட்டியில் வைத்தால் நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரோ முரண்டு பிடிக்கிற ஜாதி. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் உறையும்போது பக்கத்திலுள்ள நாலு பேரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் பிடித்துக்கொள்ளும். கோயில் திருவிழாக் கூட்டத்தில் நூறு பேர் இடித்துக்கொண்டு நிற்கலாம். அதே நூறு பேர் கைகோத்து வளையம் வளையமாக நிற்க வேண்டுமென்றால் இடம் போதாது, நடுவில் வெற்றிடம் விழும். பனிக்கட்டி அந்த வளையம்தான். அதனால் தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு கூடுதல் இடம் கேட்கும். 500 மில்லி 545 ஆகும். நான் விட்டு வைத்த இடமோ ஒரு விரல்கூட இல்லை.

கண்ணாடியில் உறைய வைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்: 500 மில்லி போத்தலில் 430-க்கு மேல் ஊற்றாதீர்கள். குறுகிய கழுத்துள்ள போத்தல் வேண்டவே வேண்டாம், கழுத்தில் முதலில் உறைந்து அடைத்துக்கொண்டால் கீழே விரிகிறது மேலே ஏற வழியில்லாமல் பக்கவாட்டில்தான் உடைக்கும். நேராக இருக்கும் அகல வாய்ப் புட்டி நல்லது. முதலில் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் குளிர வைத்துவிட்டு, பிறகு ஃப்ரீசரில் மூடியைத் தளர்த்தி வைத்து, கல்லான பிறகு இறுக்குங்கள். உண்மையைச் சொன்னால், நான் இப்போது பாதிக்கு மேற்பட்ட ரசத்தைத் தடித்த பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வைத்துவிடுகிறேன். பார்வையாவது மண்ணாவது.

ஃப்ரீசரைக் குத்திக் கொன்றதன் காரணமும் இதே பாடத்தில்தான் இருந்தது, ஆனால் அதை நான் நாலைந்து இரவு படித்துத்தான் புரிந்துகொண்டேன். திரவத்தில் எல்லாத் துகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகமாக ஓடுகிறவை மேற்பரப்பைத் தாண்டித் தப்பித்துவிடும், மந்தமானவை தங்கும். தங்கியவற்றின் சராசரி ஓட்டம் குறைவதால் மீதித் திரவம் குளிர்கிறது. ஊரில் பாட்டி வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்ந்ததும் இப்படித்தான். கோலாலம்பூரில் மண்பானை வைத்தால் அந்தச் சில்லிப்பு வராது, ஏனென்றால் இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, வெளியே போவதில் பெரும்பகுதி திரும்பி வந்து சேர்ந்துவிடும். ஃப்ரீசரின் குழாய்க்குள் ஓடும் திரவமும் இதையேதான் செய்கிறது. உள்ளே ஆவியாகும்போது ரசத்தின் சூட்டை உறிஞ்சும், பிறகு கம்ப்ரசர் அந்த வாயுவை நெருக்கி அமுக்கும், வெளிப்பக்கக் குழாயில் அது மறுபடி திரவமாகும்போது உறிஞ்சிய சூட்டைக் கக்கும். ஃப்ரீசரின் வெளிச்சுவர் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கத்தியால் குத்தியதும் அந்த வாயு முழுக்க வெளியே ஓடிவிட்டது. சுமக்கிற ஆள் இல்லாமல் சூடு எப்படி வெளியே போகும்? பனி கட்டினால் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள், ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் ஊற்றி உள்ளே வைத்து மூடுங்கள், அரை மணி நேரத்தில் தானாக விட்டுவிடும். கத்தி, ஸ்குரூ டிரைவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. இன்னொன்று, பின்பக்க ஸ்டிக்கரில் ‘ஆர்600ஏ’ என்று இருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றக்கூடிய வாயு. குத்திவிட்டால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். என் ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தது. அன்றைக்கு அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

செப்டம்பரில் மகளின் சோதனைத் தாள் வீட்டுக்கு வந்தது. ‘இரும்புக் கம்பியைச் சூடாக்கினால் ஏன் நீள்கிறது?’ என்ற கேள்விக்கு, ‘துகள்கள் பெரிதாகின்றன’ என்று எழுதி, டீச்சர் சிவப்பில் சுழித்திருந்தார். அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். முந்தின நாள் இரவு முறுக்கு மாவு பிசைந்துகொண்டே, “கம்பி பெருசாச்சுன்னா உள்ள இருக்கிறதும் பெருசாகும்தானே” என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லியிருந்தேன். துகள் பெரிதாவதில்லை. அதிர்வு கூடுவதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிறது, இடைவெளிதான் கூடுகிறது. உருகினாலும் ஆவியானாலும் அதே துகள்தான், அதே எடைதான். இது சின்னத் தவறாகத் தெரியலாம். ஆனால் எனக்கு என்னுடைய எல்லா நஷ்டத்துக்கும் சாவி இந்த ஒரு திருத்தத்தில்தான் கிடைத்தது. நான் எப்போதும் பொருளையே பார்த்துக்கொண்டிருந்தேன், நடுவில் இருக்கும் இடத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் புத்தகப் படங்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. திரவக் கட்டத்தில் புள்ளிகளை அவ்வளவு விலக்கி வரைகிறார்கள், தண்ணீரை அமுக்கிச் சின்னதாக்கிவிடலாம் போலத் தோன்றும். ஊசி மாட்டாத மருந்து சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்துத் தள்ளிப் பாருங்கள், பாதி தூரம் உள்ளே போகும். தண்ணீரை இழுத்துத் தள்ளுங்கள், அசையவே அசையாது. என் மகளுக்கு அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது, பத்துப் பக்கம் மனப்பாடம் செய்தபோது புரியவில்லை. ஒரு கிண்ணம் பச்சைப் பயறும் ஒரு கிண்ணம் ரவையும் கலந்தால் இரண்டு கிண்ணம் வராது, ரவை சந்துக்குள் இறங்கிவிடும். தண்ணீரும் ஆல்கஹாலும் 50 மில்லி 50 மில்லி கலந்தால் 100 மில்லி வராமல் கொஞ்சம் குறைவதற்கும் இதே மாதிரி ஒரு காரணம்தான்.

இதையெல்லாம் 13 வயதுப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் ஒரு விஷயம் படித்தேன். 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் தண்ணீரில் மிதந்த மகரந்தத்தின் நுண்துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அவை ஓயாமல் துள்ளுவதைக் கவனித்திருக்கிறார். காரணம் அவருக்கே பிடிபடவில்லை. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மூலக்கூறுகள் நாலு பக்கமும் இடிப்பதால்தான் அந்தத் துள்ளல் என்று ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டது 1905-இல். பிரான்ஸில் ழான் பெரென் அதை அளந்து உறுதிப்படுத்தி, 1926-இல் நோபல் பரிசு வாங்கினார். அதுவரைக்கும் எர்ன்ஸ்ட் மாக் போன்ற பெரிய தலைகளே அணு என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கே அவ்வளவு காலம் ஆனது, படிவம் மூன்றோடு (ஒன்பதாம் வகுப்போடு) நிறுத்திய எனக்கு 961 வெள்ளி ஆனது. பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாவது வரி சின்னது, 40 வெள்ளி. தீபாவளி ஆர்டருக்காகப் பெரிய அடுப்பு ஒன்று வாங்கி ஒரே கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) மணிக்கணக்காக எரிய விட்டேன். கொஞ்ச நேரத்தில் தீ சுருங்கியது, தோங்கின் அடிப்பாகம் வேர்த்துச் சில்லிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, பாதி இருக்கும் தோங்கையே இரண்டு தடவை மாற்றிவிட்டேன். தோங்குக்குள் இருப்பது அழுத்தத்தில் அடைத்த திரவம். நாம் எடுக்க எடுக்க அது உள்ளே கொதித்து ஆவியாகிறது, கொதிக்கத் தேவையான சூட்டை தோங்கிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. வேகமாக எடுத்தால் தோங்கு குளிர்ந்து, ஆவியாவது குறைந்து, தீ படுத்துவிடும். அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தால் திரும்பி வரும். வேர்த்திருக்கும் கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ, திரவம் கிட்டத்தட்ட அந்த உயரம் வரை இருக்கிறது என்று அர்த்தம், மாற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள். தோங்கைச் சாய்த்தோ படுக்க வைத்தோ எரிக்காதீர்கள், வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் வந்தால் அது வெளியே நூற்றுக்கணக்கான மடங்கு விரியும். கசிந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு பதுங்கி நிற்கும். அதனால் நிற்கும்போது வாசனை வரவில்லையே என்று தைரியம் கொள்ள வேண்டாம்.

நாலாவது வரிதான் என்னை உண்மையாகவே அழ வைத்தது. பாடத்தைப் படித்த பிறகு பட்ட அடி அது. முறுக்கு எனக்கு அம்மா கொடுத்த வித்தை. நாங்கள் இருந்த எஸ்டேட் தோட்டத்தில் அடுப்புக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, “எண்ணெய்ச் சலசலப்பு அடங்கினதும் எடு, அதுக்கு முன்னால தொடாதே” என்பார். அந்தச் சலசலப்பு எண்ணெய் கொதிக்கிற சத்தம் என்றே நினைத்திருந்தேன். எண்ணெய் கொதிப்பதில்லை. மாவிலிருக்கும் தண்ணீர்தான் 170, 180 டிகிரி எண்ணெயில் விழுந்ததும் நீராவியாகிப் பாய்ந்து வெளியேறுகிறது. ஒரு மில்லி தண்ணீர் நீராவியானால் ஒன்றரை லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அந்த ஓட்டம்தான் முறுக்குக்குள் துளைகளை உண்டாக்கி மொறுமொறுப்பைக் கொடுக்கிறது. சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். சீடை வெடிப்பதும் இதனால்தான், இறுக்கி உருட்டினால் நீராவிக்கு வழி இல்லை. “உள்ளங்கையில வச்சு இறுக்காதே” என்று அம்மா சொன்னது கைப்பழக்கம். காரணத்தை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அம்மாவிடம் சுடுவதைக் கற்றேனே தவிர, டப்பாவில் அடைத்து விற்பதைக் கற்கவில்லை. தோட்டத்தில் முறுக்கு டின்னுக்குள் போய் நாலு நாளில் தீர்ந்துவிடும். எனக்கு 2024 தீபாவளிக்கு, அக்டோபர் 31-க்கு, 46 டப்பா ஆர்டர் வந்திருந்தது. ஒரு டப்பா 20 வெள்ளி. மழை கொட்டிய ஒரு சாயங்காலம், இரவு பதினொரு மணி வரை சுட்டு, தூக்கக் கலக்கத்தில் இளஞ்சூடாகவே டப்பாவில் போட்டு மூடி டேப் ஒட்டினேன். மூன்றாம் நாள் முதல் போன். “அக்கா, முறுக்கு ரப்பர் மாதிரி இழுக்குது.” அடுத்த நாள் ஏழு பேர். ஒருவர் மூடியின் உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், முத்து முத்தாக நீர்த்துளி. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. சூடான முறுக்கிலிருந்து கடைசி நீராவி இன்னும் வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது. குளிர்ந்த மூடியில் பட்டு ஓட்டம் தளர்ந்து துளியாகி, சொட்டி, எந்தத் துளைகளிலிருந்து வெளியே வந்ததோ அதே துளைகளுக்குள் திரும்பக் குடியேறிவிட்டது. போதாக்குறைக்கு மழை நாள் காற்று. கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஈரம் எங்கே அதிகமோ அங்கிருந்து குறைவான இடத்துக்குப் பரவும், யாரும் தள்ள வேண்டியதில்லை. காய்ந்த முறுக்கு அதற்கு ஒரு காலி வீடு.

46 பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன், 920 வெள்ளி. சிலர் வேண்டாம் என்றார்கள். வற்புறுத்திக் கொடுத்தேன், பேர் கெட்டால் அடுத்த வருடம் அடுப்பே பற்ற வைக்க முடியாது. இப்போது என் வழக்கம் இது. மழை பெய்யும்போது முறுக்கு சுடுவதில்லை, சுட்டே ஆக வேண்டுமென்றால் அறையில் ஏர்கான் போட்டு அங்கே ஆற வைக்கிறேன், ஏர்கான் காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்து இறக்கிவிடும். கம்பித் தட்டில் பரப்பினால் அடியிலும் காற்று போகும். புறங்கையால் தொட்டால் சூடே தெரியக்கூடாது. ஆனால் ராத்திரி முழுக்கத் திறந்து போட்டுவிட்டுக் காலையில் அடைப்பதும் தப்பு, அதற்குள் ஊர் ஈரம் முழுக்கக் குடித்திருக்கும். உணவுக்கென்றே விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை டப்பாவில் போடுகிறேன். மெல்லிய பிளாஸ்டிக் பையை நம்புவதில்லை, தண்ணீர் சொட்டாவிட்டாலும் ஆவி மெதுவாக நுழைந்துவிடும். நமத்துப்போன முறுக்கை ஓவனில் மிதமான சூட்டில் சில நிமிடம் வைத்தால் ஈரம் வெளியேறி ஓரளவு மொறுமொறுப்பு வரும். வீட்டுக்கு ஆகும், விற்பனைக்கு ஆகாது.

கடைசி வரி பினாங்குக்குப் போனது. காசை விட்டுத் தள்ளுங்கள், அதில் ஓர் உயிர் போயிருக்கும். பட்டர்வொர்த்தில் சின்னம்மா வீட்டு விசேஷத்துக்கு உறைந்த சாம்பாரும் சட்னியும் அனுப்ப வேண்டியிருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ட்ரை ஐஸ் 5 கிலோ வாங்கி, பாலிஸ்டிரீன் பெட்டியில் போட்டு, குளிர் வெளியேறாமல் இருக்கட்டும் என்று சுற்றிலும் டேப் ஒட்டி, சின்னம்மா மகனின் காரில் ஏற்றிவிட்டேன். ட்ரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78 டிகிரியில் இருக்கும், உருகித் தண்ணீராகாது. சாமி மாடத்தில் திறந்து வைத்த கற்பூரம் நாளாக ஆகத் தேய்ந்து காணாமல் போகிறதே, அதுபோலத் திடத்திலிருந்து நேராக வாயுவாகும். ஒரு கிலோவிலிருந்து 500 லிட்டருக்கும் கூடுதலாக வாயு வரும். ஐந்து கிலோவும் ஆவியானால் ஒரு காரின் உள்ளே இருக்கும் மொத்தக் காற்றுக்கு ஈடாகிவிடும். தம்பி சன்னலை மூடி, ஏர்கானில் உள்காற்றையே சுற்றவிட்டு ஓட்டியிருக்கிறான். தாப்பா ஓய்விடத்திலிருந்து போன் செய்தான். “அக்கா, தலை பிளக்குது, மூச்சு வாங்குது. பின்னாடி பெட்டி மூடி ‘டம்’முனு தெறிச்சிடுச்சு.” நான் இங்கே அடுப்படியில் நின்றுகொண்டு கைகால் நடுங்க, எல்லாக் கதவையும் திறடா, வெளியே வந்து உட்காருடா என்று கத்தினேன். ஒரு மணி நேரம் காற்றாட உட்கார்ந்த பிறகு சரியாகிவிட்டான். பெட்டி பிளந்து, சாம்பார் இளகி, போய்ச் சேரும்போது புளித்துவிட்டது. 400 வெள்ளி. மூடி தெறித்திருக்காவிட்டால் அவன் வண்டியை நிறுத்தியிருக்கவே மாட்டான் என்று நினைக்கும்போது அந்த 400 எனக்குக் காசாகவே தெரியவில்லை. ட்ரை ஐஸ் வைத்த பெட்டியை எந்தக் காரணத்துக்கும் காற்றுப் புகாமல் மூடாதீர்கள். காரில் கொண்டு போனால் சன்னல் திறந்திருக்க வேண்டும், தூங்குகிற பிள்ளைகளோடு கொண்டுபோகவே வேண்டாம். வெறும் கையால் தொட்டால் தோல் வெந்தது போலாகிவிடும். கனமான குளிர்ந்த வாயு கீழே இறங்கும் என்பதால், பொருளுக்கு மேலே வைத்தால்தான் குளிர்ச்சி சரியாகப் பரவும். நான் அடியில் வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன தீபாவளிக்கு வேறு ஃப்ரீசர் வாங்கிவிட்டேன், இந்தத் தடவை ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்து. ரசமும் திரும்ப ஆரம்பித்துவிட்டது, சிலர் கண்ணாடிப் புட்டிதான் வேண்டும் என்கிறார்கள். போன வாரம் ஒரு புது வாடிக்கையாளர் புட்டியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அக்கா, மேலே இவ்வளவு காலியா இருக்கே, அளவு குறையுதே?” என்று கேட்டிருந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மகள் என் கைப்பேசியில், “அது ஸாரா நிக்கிற இடம் ஆன்ட்டி” என்று பதில் போட்டுவிட்டாள். அப்புறம் என்ன, அவரை அழைத்து யார் அந்த ஸாரா என்பதிலிருந்து தொடங்கி, போத்தல் பிளந்த கதை வரை இருபது நிமிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்போ எங்க வீட்டுக்காரர் நேத்து ஃப்ரீசர்ல வச்சு மறந்த சோடா டின் வெடிச்சதுக்கு நான் அவரைத் திட்டினது சரிதான்” என்றார்.